பம்பை நிறுத்திப் பார்த்தேன்

அன்புள்ள சேகருக்கு,

முட்டிவலி பற்றிக் கேட்டிருந்தாய். மாடி ஏறினால் தெரியும், உட்கார்ந்து வரைந்தால் தெரியாது, அதனாலேயே இப்போது நிறைய வரைகிறேன். நீ அனுப்பிய பண்ருட்டிப் பலா வந்தது, வீடு முழுக்க இன்னும் வாசனை.

வரைவதெல்லாம் நெய்வேலிதான், ஆனால் இல்லாத நெய்வேலி. பள்ளிக்கூடத்திலிருந்து சுரங்கம் பார்க்கப் போனபோது ஒருவர் சொன்னாரே, நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நிற்கிறது, ராப்பகலாக இறைக்காவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும் என்று, அது இத்தனை வருஷமாக எனக்குள்ளேயே கிடந்திருக்கிறது. சரி, நிறுத்தித்தான் பார்ப்போமே என்று காகிதத்தில் பம்பை நிறுத்தினேன்.

குழி ஏரியாகிவிட்டது. மண் வெட்டும் அந்த ராட்சதச் சக்கரம் பாதி தண்ணீருக்குள் நிற்கிறது. வாளிகளில் தங்கிய மண்ணில் கோரை முளைத்திருக்கிறது, உச்சி வாளியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைக்கிறது. 1962இல் ஓடத் தொடங்கி 2020இல் நின்ற முதல் அனல் மின் நிலையத்தைக் கரையில் வைத்தேன், 600 மெகாவாட் தந்த இடத்தில் இப்போது வௌவால். மண்மேட்டில் முதலில் ஆலமரம் போட்டேன், பொய்யாகத் தெரிந்தது. நம் செம்மண்ணுக்கு முந்திரிதானே! பிளேடால் மையைச் சுரண்டியதில் தாளே ஓட்டையாகிவிட்டது, ஓட்டையைச் சுற்றியே கிளைகளைத் தரையில் படரவிட்டேன்.

இன்னொரு சிக்கல். இறைத்த தண்ணீர்தானே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயலுக்குப் பாய்கிறது? பம்பை நிறுத்தினால் அங்கே காயுமே. படத்தின் வலது ஓரத்தில் வெடித்த வயல் ஒன்றை வைத்தேன், யாரும் கவனிப்பதில்லை.

மகள் பார்த்துவிட்டு “ரொம்ப அழகா இருக்குப்பா” என்றாள். அதுதான் உறுத்துகிறது. உன் அம்மா பிறந்த ஊர் அந்தக் குழிக்குள்தானே போனது? அதன்மேல் நான் ஏரியையும் பறவையையும் பரப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

அடுத்த படத்தில் தண்ணீருக்கு அடியில் அந்த ஊரை வரையலாமா என்று யோசிக்கிறேன். தெருவுக்கு எந்தப் பக்கம் கிணறு, அய்யனார் கோவில் எங்கே, குதிரை எத்தனை, எல்லாம் அம்மாவிடம் கேட்டு எழுது. அவர்களுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, நானும் விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
கண்ணன்