கழிப்பறைப் பூட்டைத் திறக்கக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
பனியன் கம்பெனிப் பெண் தொழிலாளர்கள்,
பெருமாநல்லூர் ரோடு, திருப்பூர்.
(எங்கள் பெயர், கையொப்பம், கம்பெனியின் பெயர் மூன்றும் ஒட்டிய உறையில் தனியாக உள்ளன. காரணம் 4-ஆம் பத்தியில்.)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்.

நாள்: 12.08.2024, திங்கட்கிழமை

பொருள்: தையல் பிரிவில் பெண்களுக்குக் கழிப்பறை மறுக்கப்படுவது – புகார் கொடுத்தவர்களும் சங்கத்தில் சேர்ந்தவர்களும் பழிவாங்கப்படுவது – முன்னறிவிப்பில்லாத ஆய்வு கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே கூட்டத்தில் நாங்கள் ஏற்கெனவே அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நேரத்தை மறுபடியும் எடுத்துக்கொள்வதற்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். திங்கட்கிழமை லீவு போட்டால் அன்றைய கூலியோடு வாரத்து இன்சென்டிவும் போய்விடும். அதனால் வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டு எல்லோருக்குமாக இரண்டு பேர் மட்டும் வந்திருக்கிறோம்.

பி.என். ரோட்டை, அதாவது பெருமாநல்லூர் ரோட்டை, தாங்கள் அறிவீர்கள். பூலுவபட்டியைத் தாண்டினால் காலை எட்டேகாலுக்குக் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதைக் காரில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு இறங்கி ஓடுகிறவர்கள்தான் நாங்கள்.

1. தையல் பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின் டைலர்கள், கைமடிக்கிறவர்கள், செக்கிங், பிசிறு வெட்டுகிறவர்கள் எல்லாம் சேர்த்துப் பெண்கள் மட்டும் 180 பேருக்கு மேல். கால்வாசிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகள். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட். ஆனால் ஆர்டர் இருக்கும் நாளெல்லாம் ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு 8.30 வரை. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை அரசு 2023 மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிந்து மகிழ்ந்தோம். எங்கள் மாடிக்கு அந்தச் செய்தி இன்னும் ஏறி வரவில்லை.

2. இனி எங்கள் முக்கியமான குறை. இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

பெண்களுக்கான கழிப்பறை மூன்று. மூன்றும் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால். ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது, ஆகவே ஒருத்தி போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து போகக் கூடாது. ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மெஷின்களுக்கு, ஒரே ஒரு டோக்கன். முந்தைய ஆள் அதைக் கொண்டுவந்து மாட்டினால்தான் அடுத்த ஆள் எழுந்திருக்கலாம். எடுக்கும் நேரத்தையும் மாட்டும் நேரத்தையும் சூப்பர்வைசர் நோட்டில் எழுதுகிறார். ஐந்து நிமிஷம் தாண்டினால் லைன் முழுவதும் கேட்கிற மாதிரி, "காலையில தானம்மா போன, மறுபடியும் என்ன?" என்பார். மாதவிலக்கு நாளில் அந்தக் கேள்விக்கு ஆண்கள் நடுவில் என்ன பதில் சொல்வது ஐயா? மகள் வயதுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு டோக்கனைத் திரும்ப மாட்டிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

டீ டைம் பத்து நிமிஷம். மூன்று கழிப்பறை, 180 பெண்கள். கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

மாலை ஆறு மணிக்குத் துப்புரவு வேலை செய்யும் அக்கா வீட்டுக்குப் போகிறார். அவர் போனதும் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் வைத்துவிடுகிறார்கள். அசிங்கமாகிவிடுமாம். ஆறிலிருந்து எட்டரை வரை, அதற்குப் பிறகு வேனில் வீடு சேரும்வரை, அடக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மே மாதத்திலும் குடிக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, அயர்ன் டேபிள் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களும் குடிக்கவில்லை. நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வராத பெண் எங்கள் லைனில் இல்லை. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டுகளின் நகலை இணைத்திருக்கிறோம்.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி போன மாதம் மெஷினிலேயே நனைத்துவிட்டாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு எட்டரை வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. சர்க்கரை நோய் உள்ள அக்கா ஒருவர் வயதானவர்கள் போட்டுக்கொள்ளும் டயப்பரைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார். அதன் விலை எங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட அதிகம். வயிற்றுவலி என்று சொன்னால் அட்டையில்லாமல் ஒரு வெள்ளை மாத்திரை கொடுக்கிறார்கள். அது என்ன மாத்திரை என்று கொடுக்கிறவருக்கே தெரியாது.

இதில் எங்களை அதிகம் வதைப்பது வேறொன்று. ஒருத்தி எழுந்து போனால் அவள் மெஷினில் பண்டல் தேங்கும். அடுத்த மெஷின்காரிக்குப் பீஸ் வராது, அவளுக்கும் டார்கெட் குறையும், அவளும் திட்டு வாங்குவாள். ஆகவே பூட்டும் நோட்டும் இல்லாவிட்டாலும் நாங்களே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிற மாதிரி வேலையை அமைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடிய முதல் கூட்டத்தில் போட்ட முதல் தீர்மானமே, யார் எழுந்தாலும் பக்கத்திலிருப்பவள் முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான். அதை இரண்டு வாரம் கடைப்பிடித்தோம். மூன்றாம் வாரம் எங்களைப் பிரித்து வேறு வேறு லைனில் போட்டுவிட்டார்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தொழிலாளர்கள் வேலையிடத்தில் இருக்கும் எல்லா நேரத்திலும் சென்றுவரும்படி கழிப்பறை இருக்க வேண்டும் என்கிறது. இரவு எட்டரை மணி அந்த எல்லா நேரத்தில் சேராதா? 25 பெண்களுக்கு ஒன்று என்பது விதி. நாங்கள் மூன்றைத் திறந்து வைக்கத்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். ஜவுளிக் கடைகளில் நின்றே வேலை பார்க்கும் பெண்கள் உட்காருவதற்கு 2021-இல் நம் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. நல்லது. உட்கார்ந்தே இருக்கிற நாங்கள் எழுந்திருக்க யாரிடம் கேட்பது?

3. எங்கள் முதல் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டதாகச் செல்போனில் செய்தி வந்தது. ஆய்வுக்கும் வந்தார்கள். அவர்கள் வருவது கம்பெனிக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது. பையர் ஆடிட்டுக்கு (துணி வாங்கும் கம்பெனிகள் வந்து பார்க்கும் சோதனைக்கு) செய்வது போலவே பினாயில் ஊற்றி, சோப்பு வைத்து, தாழ்ப்பாள் போட்டு, டோக்கனைக் கழற்றி, நோட்டை ஒளித்து வைத்தார்கள். காலை 11 மணிக்கு வந்த அதிகாரி திறந்திருந்த கழிப்பறையைப் பார்த்துவிட்டுப் போனார். "மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று அடுத்த செய்தி வந்தது. என்ன முடிந்தது? நாங்கள் சொன்ன பூட்டு ஆறு மணிக்கு விழுவது. அதைக் காலை 11 மணிக்கு வந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்? அடுத்தடுத்த மனுக்களுக்கு அந்தச் செய்திகூட வரவில்லை.

4. ஆய்வு நடந்த மறுநாள் ஹெச்.ஆர். அறைக்கு எங்களில் சிலரை அழைத்தார்கள். மேசை மேல் எங்கள் மனுவின் நகல் இருந்தது. எங்கள் கையெழுத்துகளுடன்.

அதே சட்டத்தின் 118-ஏ பிரிவைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். புகாரின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்றுகூட முதலாளியிடமோ மேனேஜரிடமோ சொல்லக் கூடாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எங்கள் காகிதம் அந்த மேசைக்கு எப்படிப் போனது ஐயா? யார் கொடுத்தது? எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு படித்த நாங்கள் இந்தப் பிரிவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறோம். அதை நடைமுறைப்படுத்தச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தெரியாதா?

கையெழுத்துப் போட்ட டைலர்களைப் பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். கூலி குறைந்தது. இரண்டு பேரை இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள், அங்கே வேன் வசதி இல்லை. ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தியை ரயில் டிக்கெட் எடுத்து ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு வர வேண்டிய கடைசி வாரக் கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தள்ளிப்போகிறது.

5. அதன் பிறகுதான் சங்கத்தில் சேர்ந்தோம். அதுவரை நாங்களும் பயந்துகொண்டுதான் இருந்தோம். 1926-ஆம் ஆண்டிலிருந்து தொழிற்சங்கச் சட்டம் இருக்கிறது. 1984-இல் பஞ்சப்படி கேட்டு நான்கு மாதம் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. இங்கே சந்தா ரசீது வைத்திருப்பது திருட்டுப் பொருள் வைத்திருப்பது போல ஆகிவிட்டது, கேட்டில் பையைச் சோதிக்கிறார்கள். பெரிய சங்கங்கள் மீதும் எங்களுக்கு வருத்தம் உண்டு. சம்பள ஒப்பந்தம் பேசுகிற மேசையில் கூலி, பஞ்சப்படி, பேட்டா எல்லாம் வரும். கழிப்பறை வந்து நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் 2022 ஏப்ரலில் பெண்கள் நடத்தும் சங்கத்தோடு ஓர் ஆடைக் கம்பெனியும், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டன. லைனில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்கள், புகார் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். 2021 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் இளம்பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் அதுவும் நடந்தது. இங்கே எதற்குப் பிறகு நடக்க வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டோம். மன்னிக்கவும். ஆனாலும் அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை.

6. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து மாலை ஆறு மணிக்கு மேல், யாருக்கும் சொல்லாமல், ஒரு பெண் அதிகாரியையும் ஒடியாவோ இந்தியோ பேசத் தெரிந்த ஒருவரையும் அனுப்ப வேண்டும். அவர்கள் நேராக ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஆபீஸில் டீ குடித்துவிட்டுப் போனால் பூட்டு திறந்துவிடும். டோக்கனையும் நோட்டையும் நிறுத்த உத்தரவிட வேண்டும். மாற்றப்பட்டவர்களைப் பழைய மெஷினில் உட்கார வைக்க வேண்டும். ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் கூலியை வாங்கித் தர வேண்டும். எங்கள் மனு கம்பெனிக்குப் போன வழியை விசாரிக்க வேண்டும். இவை எல்லாம் உடனே முடியாது என்றால், அந்தக் கழிப்பறைப் பூட்டை மட்டுமாவது இந்த வாரமே எடுத்துத் தர வேண்டும் என்று மறுபடியும், மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

விசாரணைக்கு அழைப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அழைக்க வேண்டுகிறோம். உறைக்குள் இருக்கும் செல்போன் எண்ணில் இரவு 9.30-க்கு மேல் பேசலாம். கம்பெனி நம்பருக்குப் போன் செய்து எங்களைக் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் உறையில்)

இணைப்பு: பெயர்ப் பட்டியல் (ஒட்டிய உறை), இ.எஸ்.ஐ. சீட்டுகளின் நகல், முந்தைய மனுக்களின் ரசீது நகல்.