குழந்தைக்கான உத்தரவுக்கு 'இறுதித் தீர்ப்பு' என்ற சொல் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை யார் வசம், மாதம் எவ்வளவு ஜீவனாம்சம் என்று குடும்ப நல நீதிமன்றம் சொன்னதும் செய்தியில் 'இறுதித் தீர்ப்பு' என்று போட்டுவிடுகிறோம். விவாகரத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் சரி. குழந்தையைப் பொறுத்தவரை தவறு. அந்தத் தவறை நம்பித்தான், ஆறு வயதில் போட்ட தொகையை வைத்துப் பதினான்கு வயதுப் பிள்ளையை வளர்க்கப் பல தாய்மார்கள் மல்லுக்கட்டுகிறார்கள். வேலை போன பிறகும் பழைய தொகைக்கு நிலுவை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் தகப்பன்மார்களும் உண்டு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு, இரு தரப்பும் சம்மதித்து வாங்கியதாகவே இருந்தாலும், குழந்தையின் நலன் கேட்டால் மாற்றப்பட வேண்டியதுதான். பரஸ்பர சம்மத விவாகரத்தில் எழுதிக்கொண்ட நிபந்தனைக்கும் இது பொருந்தும் என்று 2010-இல் விக்ரம் வீர் வோரா வழக்கில் மீண்டும் சொன்னது. சட்டத்திலும் கதவுகள் திறந்தே இருக்கின்றன. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, தீர்ப்புக்குப் பிறகும் குழந்தை பற்றிய ஏற்பாட்டை மாற்றவோ ரத்து செய்யவோ இடம் தருகிறது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வாங்கிய ஜீவனாம்சத் தொகையை மாற்ற 127-ஆம் பிரிவு இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை முறையே 144, 146. இவை எந்த மதத்துப் பிள்ளைக்கும் பொருந்தும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வாங்கிய உத்தரவாக இருந்தால் அதன் 25-ஆம் பிரிவு.

முதலில் பலர் சறுக்கும் இடம், மேல்முறையீட்டையும் மாற்று மனுவையும் ஒன்றாக நினைப்பது. 'அன்றைக்கு நீதிபதி சொன்னதே தவறு' என்பது மேல்முறையீடு. குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்புக்கு 30 நாளில் போக வேண்டும். சம்மதத்தில் வந்த தீர்ப்புக்கு அந்த வழியே இல்லை. 'அன்றைக்குச் சொன்னது இருக்கட்டும், அதற்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது' என்பது மாற்று மனு. அதற்கு நாள் கெடு கிடையாது. ஆனால் மாற்றம் உத்தரவுத் தேதிக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். பழைய வழக்கில் தோற்றுப்போன வாதத்தையே புது மனுவில் திருப்பி எழுதினால் முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது எங்கே போடுவது என்பது. எந்த வழக்கில் உத்தரவு வந்ததோ அதே வழக்கில்தான் மாற்றம் கேட்க வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. எம்.சி. எனப்படும் ஜீவனாம்ச வழக்கு எண்ணில் தொகை வாங்கியிருந்தால் அந்த எம்.சி.யில். எச்.எம்.ஓ.பி. எனப்படும் இந்து திருமணச் சட்ட மனுவின் தீர்ப்பில் தொகை இருந்தால் அந்த எண்ணில். ஒரு நீதிமன்றத்தில் குறைவாக வந்தது என்று இன்னொரு சட்டத்தின் கீழ் வேறொரு நீதிமன்றத்தில் புதிதாகத் தொடங்குவதும், பழைய உத்தரவைச் சொல்லாமல் மறைப்பதும் நம்பகத்தன்மையைக் கெடுத்துவிடும். ஊர் மாறி அலைய முடியாவிட்டால் வழக்கை மாற்றித் தரச் சொல்லி மனுப் போடலாம். தமிழ்நாட்டுக்குள் என்றால் உயர் நீதிமன்றம், வேறு மாநிலத்திலிருந்து என்றால் உச்ச நீதிமன்றம்.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது தேதிதான். நிலைமை மாறிய நாளில் உத்தரவு தானாக மாறாது. நீதிமன்றம் மாற்றும் வரை பழைய தொகைதான் கடன். 2024 செப்டம்பரில் குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு ஒன்றில், மாற்றம் இனி வரும் காலத்துக்குத்தான் பொருந்தும், கொடுத்து முடித்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் வேலை போன தகப்பன் ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் அந்த ஆறு மாத நிலுவை அவர் தலையில்தான். தொகை உயர வேண்டும் என்று நினைக்கும் தாயும் அப்படியே. உயர்வை 'மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்து' என்று மனுவின் கடைசியில் கோரிக்கையைச் சொல்லும் வேண்டுதல் பத்தியில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அந்த வரி இல்லாத மனுக்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. வழக்கு இழுத்த மாதங்கள் அத்தனையும் கைவிட்டுப் போகக்கூடும்.

இதில் தொலைபேசியில் பேசி முடிக்கும் மாற்றம் தனி ஆபத்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 125-ஆம் பிரிவின் கீழ் உத்தரவுத் தொகை மாதம் 8,000 ரூபாய். 'கொஞ்ச நாள் 5,000 அனுப்புகிறேன்' என்கிறார் தகப்பன், 'சரி' என்கிறார் தாய். பதினான்கு மாதம் கழித்து மனக்கசப்பு. காகிதத்தில் இருப்பது 8,000 மட்டுமே, ஆகவே நிலுவை 3,000 வீதம் 42,000. தகப்பனிடம் அந்த 'சரி'க்கு ஆதாரம் இல்லை. தாய்க்கும் நட்டம் உண்டு. வாரண்டு மூலம் வசூலிக்கும் மனுவை ஒவ்வொரு மாதத் தொகையும் பாக்கியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். முதல் இரண்டு மாதம் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டதால் வாரண்டுக்குக் கேட்கக்கூடியது 36,000. மீதிக்கு உரிமை அழியாது, ஆனால் நீண்ட வழி சுற்ற வேண்டும். கட்டாமல் இருந்தால் சிறை வரைக்கும் போகலாம் என்பதை இரு தரப்பும் நினைவில் வைக்க வேண்டும்.

உண்மையிலேயே இருவரும் ஒத்துப்போனால் வழி எளிது. இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவை மாற்று மனுவுடன் அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்து பதிவு செய்யச் சொல்ல வேண்டும். சமரச மையத்தில் எழுதிய ஒப்பந்தமும் நீதிமன்றம் பதிந்த பிறகுதான் உத்தரவு.

கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். தாயின் கணக்கில் செலுத்த உத்தரவு இருக்கும்போது பள்ளிக்கு நேரே கட்டிய கட்டணம், வாங்கிக் கொடுத்த சைக்கிள், கைப்பேசி எதுவும் தானாகக் கழிவு ஆகாது. கையில் கொடுத்த பணம் கொடுக்காத பணம் மாதிரிதான். வங்கி வழியே, எந்த மாதத்துக்கு என்ற குறிப்போடு அனுப்புங்கள். மாற்று மனு நிலுவையில் இருக்கும்போதும் முடிந்ததைக் கட்டிக்கொண்டே வர வேண்டும். அடியோடு நிறுத்தியவரின் மனுவை எந்த நீதிபதியும் கனிவோடு பார்க்க மாட்டார்.

மனுவோடு எதை வைப்பது? பழைய உத்தரவின் சான்றிட்ட நகல், சொத்து வருமான விவரங்களுக்கான பிரமாணப் பத்திரம், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு. அந்தப் பிரமாணப் பத்திரத்தின் படிவத்தை ரஜ்னேஷ் தீர்ப்பே பின்னிணைப்பாகத் தந்திருக்கிறது. எதிர்த்தரப்பும் தன் பத்திரத்தை அதிகபட்சம் நான்கு வாரத்தில் தர வேண்டும். எதிர்த்தரப்பின் வருமானம் தெரியாது என்று கைவிட வேண்டாம். அவர் பார்க்கும் வேலை, நிறுவனம், வாகனம், வீடு பற்றித் தெரிந்ததை எழுதி, சம்பள விவரத்தை வரவழைக்கக் கேட்கலாம்.

மனுவின் உயிர், அன்றும் இன்றும் என்ற ஒப்பீடுதான். 'விலைவாசி ஏறிவிட்டது' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும் வரி. உத்தரவு வந்த ஆண்டில் பள்ளிக் கட்டணம் 18,000, இன்று 54,000, அதாவது மாதம் 1,500 இருந்தது 4,500 என்று ரசீதோடு காட்டினால் நீதிபதிக்கு வேலை மிச்சம். வேன், புத்தகம், டியூஷன், மருந்து என்று ஒவ்வொன்றும் இதே மாதிரி. வீட்டுச் செலவு முழுவதையும் குழந்தையின் செலவாகக் காட்டுவது பரவலான பிழை. 9,000 ரூபாய் வாடகை வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும் இருந்தால் பிள்ளையின் பங்கு 4,500 என்று பிரித்து எழுதுங்கள். ஒரு தலைப்பில் ஊதிக் காட்டினால் மற்றவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். தாயும் போதிய அளவு சம்பாதித்தால் செலவை வருமான விகிதத்தில் பிரிக்கலாம் என்பது நிலை. தகப்பனுக்கு 60,000, தாய்க்கு 20,000, பிள்ளையின் மாதச் செலவு 16,000 என்றால் விகிதப்படி தகப்பன் பங்கு 12,000. 'சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு' என்று ஊரில் சொல்வது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்ட வாய்ப்பாடு அல்ல.

குறைக்கக் கேட்பவர் பணிநீக்கக் கடிதம், பிறகு வேலை தேடியதற்கான தடயம், மருத்துவச் சான்று இவற்றோடு வர வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கும், சொந்த விருப்பத்தில் வாங்கிய கடனின் தவணையைக் காட்டுபவருக்கும் பொதுவாகச் சலுகை கிடைப்பதில்லை.

இனி குழந்தையின் வசம். இங்கே பெற்றோரின் உரிமை இரண்டாம் பட்சம், குழந்தையின் நலனே அளவுகோல். மறுமணம் என்ற ஒன்றே போதாது. அந்த மறுமணத்தால் பிள்ளையின் படிப்பு, தூக்கம், பாதுகாப்பு எதில் என்ன மாறியது என்று காட்ட வேண்டும். பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் சரிவு, மருத்துவரின் குறிப்பு இவையெல்லாம் பேசும். பகுத்தறிந்து சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சொல்கிறது. இத்தனை வயது என்று அது குறிக்கவில்லை. நீதிபதி தன் அறையில் (சேம்பரில்) பிள்ளையிடம் தனியாகப் பேசுவார். சொல்லிக் கொடுத்து அனுப்பிய பிள்ளை இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். பிள்ளையை அழவைத்து எடுத்த வீடியோவைக் கொண்டுவராதீர்கள், அது எடுத்தவர்மேல்தான் திரும்பும்.

வசம் இல்லாத பெற்றோர் பிள்ளையைச் சந்திப்பதற்கான பார்வை நேர உத்தரவில் தகராறு வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் வாசகம். 'மாதம் இருமுறை பார்க்கலாம்' என்று மட்டும் இருந்தால் எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கூட்டிவருவது, காய்ச்சல் என்றால் ஈடு எந்த நாள், பொங்கலும் கோடை விடுமுறையும் எப்படி, பாஸ்போர்ட் யாரிடம் என்ற ஒவ்வொன்றும் சண்டையாகும். இந்தத் தெளிவுக்காக மட்டுமே மாற்று மனு போடலாம். தொலைபேசி, வீடியோ அழைப்பு நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். குழந்தை தன் வசம் இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச வழி வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே உத்தரவு மீறல். ஒன்றுக்கு இன்னொன்று விடையாகாது, இரண்டுக்கும் தனித்தனியே, உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு உண்டு.

தொகை கேட்கும்போதே ஆண்டு உயர்வையும் கேட்டுவிட்டால் மறுபடி மறுபடி நீதிமன்றப் படியேற வேண்டாம். 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் ஐந்தாண்டு முடிவில் 12,763. மனைவிக்கான நிரந்தர ஜீவனாம்சத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வை உச்ச நீதிமன்றமே 2025-இல் கொடுத்திருக்கிறது.

18 வயதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் வருகிறது. 144-ஆம் பிரிவின் தொகை அன்றோடு நிற்கும். உடல், மனக் குறைபாட்டால் தன்னைப் பராமரிக்க முடியாத பிள்ளைக்கு விலக்கு உண்டு. திருமணமாகாத இந்து மகளுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வழி திறக்கிறது. ஆனால் அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும், பழைய எம்.சி.யில் தொடர முடியாது.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து நிற்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உதவி எண் 15100. தங்கள் நாளிதழ் இத்தகைய செய்திகளின் கீழ் இந்த எண்ணை ஒரு வரியாகப் போட்டால் பேருதவி.

மாற்று உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒன்று உங்கள் கையில், ஒன்று பிள்ளையின் பள்ளியில். பள்ளி வாசலில் யார் அழைத்துப் போகலாம் என்ற தகராறு வந்தால் தலைமை ஆசிரியர் கேட்பது அந்தத் தாளைத்தான்.

இப்படிக்கு,
குடும்ப நல வழக்குகளில் பழகிய வாசகர்
(பெயர் வெளியிட வேண்டாம்)