கெடிங்டனிலிருந்து திரும்பிய பின்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் எழுதாதது என் தவறுதான், பொறுத்துக்கொள். இங்கே மகள் வீட்டில் அனைவரும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு உனக்கு எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று உன் தம்பி சொன்னான். ஆகவே இனி உன்னிடம் சாக்கு எதுவும் செல்லாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மருமகன் என்னை நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள கெடிங்டன் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். 1290 நவம்பர் 28 அன்று லிங்கன் நகருக்கு அருகே ஹார்பி என்ற ஊரில் இறந்த அரசி எலினோரின் உடலை லிங்கனிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்றபோது, இரவில் தங்கிய ஒவ்வோர் ஊரிலும் ஒரு கற்சிலுவை எழுப்பச் செய்தார் அவள் கணவர், இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட். வழிப்போக்கர்கள் நின்று அவள் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். பன்னிரண்டில் எஞ்சியவை மூன்று. அவற்றுள் அதிகம் சிதையாதது இதுதான். சுமார் 40 அடி உயரம், முக்கோண அமைப்பு. அடித்தளம் முழுவதும் இடைவெளியே விடாமல் பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றின் நடுவே அவள் பிறந்த குலம் ஆண்ட ஸ்பானிய நாடுகளான காஸ்டீலின் கோட்டையும் லியோனின் சிங்கமும் பொறித்த கேடயங்கள். மேலே பக்கத்துக்கு ஒன்றாக மாடங்களில் மூன்று எலினோர்கள். உச்சியில் இருந்த சிலுவை மட்டும் இப்போது இல்லை.

முப்பத்தாறு ஆண்டு உடன் வாழ்ந்தவளுக்காக ஒருவன் இவ்வளவு துயரப்பட்டானே என்று நெகிழ்ந்துதான் வீடு திரும்பினேன். இரவில் அந்த ஆண்டைப் பற்றிப் படித்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. அதே 1290 ஜூலையில், இங்கிலாந்தின் யூதர்கள் அனைவரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டவரும் இவரே. நவம்பர் 1 வரைதான் கெடு. குழந்தைகளோடும் முதியோரோடும் அவர்கள் கடற்கரைகளுக்கு நடந்து சில வாரங்களே ஆன நிலையில், இந்த ஊர்வலம் தெற்கு நோக்கிப் புறப்பட்டிருக்கிறது. யூதர்களிடம் கடன்பட்டவர்களின் நிலங்களைக் கைப்பற்றியும் எலினோர் தன் சொத்தைப் பெருக்கினாள் என்பதையும் படித்தேன். அந்தப் பூக்களைச் செதுக்கிய கைகளின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அரசரின் கண்ணீரை அன்று மாலை நம்பியதுபோல் இனி என்னால் நம்ப முடியவில்லை, பொய் என்று தள்ளவும் மனம் வரவில்லை.

முப்பது ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நீ. இதை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லியிருப்பாய் என்று விரிவாக எழுது. அடுத்த மாதம், எஞ்சிய மூன்றில் இன்னொரு சிலுவை நிற்கும் வால்தம் கிராஸுக்குப் போகிறோம். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிலுவையைப் பார்ப்பேன்.

அன்புடன்,
உன் நண்பன்