தடுப்பூசிக்கு வருவோரைக் காய்ச்சல் வரிசையில் நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் சமுதாய நல மையங்களின் பொறுப்பு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

ஃப்ளூ காய்ச்சல் வேகமாகப் பரவிவரும் இந்நாட்களில், வீட்டுக்கு அருகிலேயே தடுப்பூசி போட்டுக்கொள்ள வழிசெய்திருப்பதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், ஊசி போடும் இடமே நோய் தொற்றும் இடமாகிவிடக் கூடாது என்ற கவலை இம்மடலை எழுதவைக்கிறது.

நான் சென்ற மையத்தில் பதிவுக்கு ஒரே மேசை, காத்திருக்க ஒரே தாழ்வாரம். ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டு அமர்ந்திருந்த முதியவருக்கு அடுத்த இருக்கையில், காய்ச்சலில் கண் சிவந்த குழந்தையொன்று தாயின் தோளில் சாய்ந்து விடாமல் இருமிக்கொண்டிருந்தது. அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. உட்கார அங்கே வேறு இடமில்லை.

ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகின்றன. இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொற்றியவருக்கோ 1 முதல் 4 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றிவிடுகின்றன. ஆகவே, வரிசையில் நோய் தொற்றிக்கொண்டவருக்கு அன்று போட்ட ஊசி கைகொடுக்காது. பாதிப்பு அவரோடும் நிற்பதில்லை. மூன்றாம் நாள் படுக்கையில் விழுந்தவர் ஊசியால்தான் காய்ச்சல் வந்தது என்றே நினைப்பார், அக்கம்பக்கத்தாரும் அதை நம்புவார்கள். செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தயாரிக்கும் இந்த ஊசியால் ஃப்ளூ வராது என்று பிறகு எவ்வளவு விளக்கினாலும், அந்தத் தெருவிலிருந்து அடுத்த முகாமுக்கு ஆட்களை வரவைப்பது கடினம்.

செவிலியர்களின் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. குளிர்பதனப் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்து, அளவு 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று உறுதிசெய்து, பதிவேட்டில் குறித்த பின்னரே அவர்கள் குப்பியை வெளியே எடுத்தார்கள். அதே ஒழுங்கு காத்திருக்கும் இடத்திலும் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தடுப்பூசிக்கெனத் தனி நேரம் ஒதுக்குங்கள். புறநோயாளிகள் சென்ற பின், மாலையில் கூடத்தைச் சுத்தம் செய்து, சன்னல்களைத் திறந்துவைத்து ஊசி போட்டால், பகலில் வேலையை விட்டு வர இயலாத தினக்கூலிகளுக்கும் அது பேருதவியாக இருக்கும். தனி நேரம் இயலாவிடில், திறந்த வெளியில் ஒரு பந்தலாவது போடலாம். வாசலிலேயே ஒருவர் நின்று, காய்ச்சல், இருமல் உள்ளவர்களுக்கு முகக்கவசம் தந்து வேறு பக்கம் அனுப்பட்டும். ஊசிக்குப் பின் 15 நிமிடம் அமரவைக்கும் இடமும் நோயாளிகளிடமிருந்து விலகியே இருக்கட்டும்.

இங்கு வருவோரில் கர்ப்பிணிகள், முதியோர், ஆஸ்துமாவும் நீரிழிவும் உள்ளோர் பலர். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இவ்வூசி போட முடியாது என்பதால், தாய் போட்டுக்கொள்ள வரும்போது கைக்குழந்தையும் அதே தாழ்வாரத்தில்தான் காத்திருக்கிறது. முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும் சிறு பிள்ளைகளோ, 4 வார இடைவெளியில் இரண்டாம் தவணைக்கும் வர வேண்டியிருக்கிறது.

பரவல் உச்சத்தை எட்டும்வரை காத்திராமல், இவ்வாரமே மாலை நேர முகாமைத் தொடங்கி, அதன் நேரத்தை மையத்தின் வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தடுப்பூசி போட்டுக்கொள்ள வந்தவர்களுள் ஒருவர்