துணிப் பார்சலோடு வைத்த கடிதம்

சென்னிமலை,
ஆடி மாதம்

அன்புள்ள அம்மணிக்கு,

அலைச்சறுக்குப் பலகையின் மேல் ரெசின் பிசின் ஊற்றிப் பதிக்க நீ கேட்ட துணி இந்தப் பார்சலில் இருக்கிறது. எல்லாம் சுத்தப் பருத்தி, பாலியஸ்டர் ஓர் இழைகூடக் கலக்கவில்லை. நம் பெட்ஷீட் உனக்கு ஆகாது, ரெசினைக் குடித்துப் பலகை கனத்துவிடும் என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தப் பெட்ஷீட்டை நெய்துதான் உன்னை ஆஸ்திரேலியாவில் ஜீலாங் வரை படிக்க அனுப்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தால் நீ சொன்னது நியாயம். இருபதாம் நம்பர் நூலை இரட்டை முறுக்கில் நெய்த துணி எதைத்தான் குடிக்காது? பவானி ஜமக்காளம் இன்னும் மோசம், அதைக் கேட்டுவிடாதே. அதனால் 80-ஆம் நம்பர் மெல்லிய நூலில் சின்னப் பாவாக ஓட்டி, மாமாவின் தறியில் நெய்ய வைத்தேன். கட்டம் ஒன்று, கோடு ஒன்று, வெறும் மாந்துளிர் நிறம் ஒன்று. மாமா கூலி வாங்கவில்லை. நீயே கூப்பிட்டு அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடு.

பாவுக்குப் போட்ட கஞ்சி போக வெந்நீரில் ஊறவைத்து அலசிவிட்டேன். இருந்தாலும் நீ ஒருமுறை அலசிக்கொள். கஞ்சி தங்கிய இடத்தில் ரெசின் இறங்காது, வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். துணியை மிருதுவாக்கும் திரவம் எதையும் ஊற்றாதே. அயர்ன் செய்து சுருட்டி வை, மடித்தால் மடிப்பு அப்படியே பலகையில் தெரியும். சிவப்புக் கோடு போட்ட துணியை மட்டும் நான் நம்பவில்லை. தண்ணீரில் சாயம் விடாதது ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில் விடாது என்று எந்தச் சாயக்காரரும் எழுதித் தர மாட்டார். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ரெசின் ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பலகையில் வை. அந்தச் சின்னத் துண்டுக்கும் மாஸ்க் போட்டுக்கொள்.

கோடு போட்ட துணியைப் பலகையின் ஃபோமின் மேல் விரிக்கும்போது பாவு நூல், ஃபோமின் நடுவே நீளவாக்கில் பதித்திருக்கும் நடுமரத்தோடு நேராக ஓட வேண்டும். துணி பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் அசையாது, மூலைவாட்டத்தில்தான் இழுபடும். நீ ரப்பர் தகட்டை எந்தப் பக்கம் தள்ளுகிறாயோ அந்தப் பக்கம் கோடும் வளைந்து போகும். போன தடவை அனுப்பிய படத்தில் பலகையின் மூக்குப் பக்கம் கோடு ஒரு விரற்கடை விலகியிருந்தது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றாய். நெசவுக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு அப்படிச் சொல்லலாமா? வெளிர் நிறம் ரெசின் பட்டதும் கண்ணாடியாகிவிடும், அடியில் இருக்கும் நடுமரம் தெரிந்துவிடும் என்றாயே, அதற்காக மாந்துளிரை நல்ல அடர்த்தியாகத் தோய்க்கச் சொன்னேன்.

ரெசின் உறைந்து இறுகுவதற்குள் துணியின் ஓரத்தை ஒரே இழுப்பில் பிளேடால் அறுத்தெடுத்தாயே, அந்த வீடியோவைச் சொசைட்டியில் எல்லோருக்கும் காட்டினேன். பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களிடம் பலகைக்குச் சேலை கட்டுகிறாள் என்று சொல்கிறேன், சிரிக்கிறார்கள். உன் கையைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நாங்கள் நெய்த துணியை நீ கொண்டுபோய் ரெசினில் புதைக்கிறாய் என்ற வருத்தம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வெட்டு வெட்டு. ஒரு பிசிர் இல்லை.

அந்த வீடியோவில் மாஸ்க் உன் கழுத்தில் கிடந்தது.

பெரியப்பாவும் கழுத்தில்தான் போட்டிருந்தார். மில்லுக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் அது மூக்குக்கு ஏறும்.

தம்பி பாலிடெக்னிக் முடித்துவிட்டான், மீதியை அவனே சொல்வான். இங்கே ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு போகிறது, வீதியில் பாவு விரிக்க முடியவில்லை. அங்கே உங்களுக்குக் குளிர்காலம். குளிரில் ரெசின் சீக்கிரம் உறையாது, அதனால் கதவைச் சாத்தி ஹீட்டர் போட்டு வேலை செய்கிறோம் என்று தம்பியிடம் சொன்னாயாம். அவன் அதை ஏதோ சௌகரியம் மாதிரி என்னிடம் சொன்னான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கதவைத் திற, அம்மணி. உறைய நேரமானால் ஆகட்டும். டார்க்கி கடற்கரையில் அலை எங்கும் ஓடிப்போய்விடாது.

டீக்கின் பல்கலைக்கழகத்தில் நீ படித்ததே இழையும் ரெசினும் சேரும் பாடம்தான். நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. தெரிந்தவர்கள்தான் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிடுகிறார்கள். 2018-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் சேர்த்துவிட்டது என்று உன் தம்பியை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். துணி மாஸ்க் ஆவியை நிறுத்தாது. கரி வடிகட்டி வைத்தது வேண்டும், வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்றவும் வேண்டும். கண்ணாடி இழையைத் தேய்க்கும்போது பறக்கும் தூசிக்குத் தனி வடிகட்டி. எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினுக்கு மாறிவிட்டால் வாசமே இருக்காது என்று ஒருமுறை சொன்னாய். வாசம் குறைவுதான், ஆனால் அது தோலைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் தடிக்கும். கையுறை போடு. விலை அதிகம் என்றால் பணம் அனுப்புகிறேன். ஜீலாங்குக்கு ஃபீஸ் கட்டியவன் வடிகட்டிக்குக் கட்ட மாட்டேனா?

இப்போது வாசமே தெரிவதில்லை அப்பா, பழகிவிட்டது என்றும் சொன்னாய். இதையேதான் நொய்யல் கரையிலும் சொன்னார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை, ஆற்றைப் பார்த்தே திருப்பூரில் அந்த வாரம் எந்த நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவோம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் நின்றது. அத்தை வீட்டுத் தென்னந்தோப்பு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். அத்தைக்கும் அந்த வாசம் பழகித்தான் இருந்தது.

அம்மா பருப்புப் பொடி வைத்தாள். உங்கள் ஊரில் பார்சலைப் பிரித்து நிறுத்திவிடுவார்கள் என்று நான் எடுத்துவிட்டேன். அந்தக் கோபத்தில் எனக்குத் தெரியாமல் அப்பத்தாளின் கண்டாங்கிச் சேலையை அடியில் வைத்துவிட்டாள். வைத்தது இருக்கட்டும். அதை வெட்டாதே. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உன் சொந்தப் பலகைக்கு வெட்டு, விற்கிற பலகைக்கு வேண்டாம்.

துணியின் அளவு சொல்லி நீ அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நிறுத்தி நிறுத்திப் பதிந்திருக்கிறாய். நீளமும் அகலமும் சொல்வதற்கு நடுவில் அத்தனை இடைவெளி எதற்கு? காமிராவும் ஆடி பிறந்ததிலிருந்து கெட்டுப்போயிருக்கிறது. நெட்வொர்க் சரியில்லை என்று அம்மா நம்புகிறாள். நம்பட்டும்.

பெரியப்பாவின் திங்கட்கிழமை உனக்கு நினைவிருக்கும். ஞாயிறு முழுக்க நன்றாக இருப்பார். திங்கள் மில்லுக்குள் போனதும் நெஞ்சைப் பிடிக்கும், புதன் வியாழனில் தேவலாம் என்பார். லீவில் சரியாகிவிடுகிறதே, பிறகென்ன என்று வருடக்கணக்கில் ஓட்டினார். பஞ்சுத் தூசியின் குணமே அதுதான் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. பஞ்சுக்கும் ரெசினுக்கும் என்ன சம்பந்தம் என்பாய். சரி, சம்பந்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதே. திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்த கையோடு கூப்பிடு, இங்கே அப்போது உச்சிவேளைதான் ஆகியிருக்கும். தறிச் சத்தம் கேட்காமல் வெளியே வந்து பேசுகிறேன். நிறுத்தாமல் கொஞ்ச நேரம் பேசு. காமிராவையும் சரிசெய்துகொண்டு கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா