நூற்றுக்கு எழுபது

அன்பு மகளுக்கு,

உன் படங்களுக்குப் பணம் தராத நிறுவனத்தின் மீது நீ போட்ட வழக்கைப் பற்றியும், நூற்றுக்கு எழுபது தருகிறோம் என்று அவர்கள் இப்போது சொல்வதைப் பற்றியும் நேற்று போனில் நீ பேசிக்கொண்டிருந்தபோது நான் இடையிடையே பேசாமல் இருந்துவிட்டேன். அப்பா நம் கட்சியில் இல்லை என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. "சரி, விடுங்கள்" என்று சொல்லி நீ போனை வைத்த விதம் அப்படித்தான் இருந்தது. உன் கட்சியில்தான் இருக்கிறேன் அம்மா. ஆனால் ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. எழுத்தில் என்றால் சொல்லிவிடலாம்.

உன் பில்லை யாரோ ஒருவர் இழுத்தடிக்கிறாரே, அந்த நாற்காலியில் நான் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா கணக்குப் பிரிவில் இருந்தார் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். கொடுக்க வேண்டிய பணத்தைத் தள்ளிப்போடுவதும் அந்த வேலையில் சேர்த்தி. "பில்லில் ஆர்டர் எண் இல்லை." "கையெழுத்துக்கு மேலே போயிருக்கிறது." "அந்த அதிகாரி விடுப்பில் இருக்கிறார்." "நகல் ஒன்றை மறுபடி அனுப்புங்கள்." இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் எங்களுக்குப் பதினைந்து நாள் வாங்கிக் கொடுக்கும். வந்து சத்தம் போடுகிறவரின் பில் கட்டின் அடிக்குப் போகும். அலுத்துப்போய் வருவதையே நிறுத்திவிட்டவரின் பில் அதற்கும் அடியில் போகும்.

அச்சகம் வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் எங்களிடம் ஏமாறவில்லை. குரலை உயர்த்த மாட்டார். வருவார், கேட்பார், நாங்கள் சொல்லும் பதிலைச் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து அங்கேயே எழுதிக்கொள்வார். தேதி, யாரைப் பார்த்தார், என்ன பதில். நான்கு மாதம் கழித்து அதை அப்படியே ஒரு பக்கக் கடிதமாக டைப் செய்து, பில்லின் நகலையும் எங்கள் முத்திரையோடு இருந்த டெலிவரி ரசீதையும் இணைத்து, இன்ன தேதிக்குள் பணம் வராவிட்டால் நீதிமன்றம் போவேன் என்று இயக்குநருக்கே அனுப்பிவிட்டார். அந்தப் பட்டியலில் மூன்று இடத்தில் என் பெயர் இருந்தது. மூன்று இடத்திலும் நான் சொன்ன சாக்கும் இருந்தது. அவருக்குப் பணம் பாக்கி இருக்கிறதா என்று இயக்குநர் கேட்கவே இல்லை. "இந்தக் காகிதம் ஏன் என் மேஜைக்கு வந்தது?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே செக் தயாரானது. அதை எழுதியதும் நான்தான்.

உன் விஷயத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. நீ வழக்குப் போடும் வரை அவர்கள் கொடுப்பதாகச் சொன்னது பூஜ்யம். போட்ட பிறகு நூற்றுக்கு எழுபது. இடையில் அவர்கள் மனம் திருந்திவிடவில்லை. உன் கோப்பு மேஜை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புது மேஜைக்காரர், அரை நாள் ஒரு ஆளை நீதிமன்றத்துக்கு அனுப்பினால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நாமும் கணக்குப் போடுவோம்.

பன்னிரண்டு படங்கள் கேட்டார்கள். பன்னிரண்டும் கொடுத்தாய். பத்தை அச்சில் பயன்படுத்திவிட்டார்கள். மீதி இரண்டு படங்களும் மூன்று நாள் தாமதமாக வந்தன, அதனால் ஏற்கவில்லை என்கிறார்கள். தாமதத்தை நீயே மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டிருக்கிறாய். அது உன் பலவீனம். அதற்கு அவர்கள் "பரவாயில்லை, அனுப்புங்கள்" என்று பதில் எழுதியிருக்கிறார்கள். அதுதான் உன் கையில் இருக்கும் காகிதங்களில் முதன்மையானது. கோப்பில் அதை மேலே வை. நீதிபதி அந்தப் "பரவாயில்லை"யை ஏற்றால் நூறும் உனக்கு. ஏற்காமல் இரண்டு படங்களையும் தள்ளினால்கூட, பன்னிரண்டில் பத்து, அதாவது நூற்றுக்கு எண்பத்துமூன்று. ஆகவே அவர்கள் நீட்டும் எழுபது, நீ பாதி தோற்றால் கிடைப்பதைவிடக் குறைவு. அதை வாங்காதே. கோபத்தால் அல்ல, கணக்குப்படி வேண்டாம் என்று சொல்.

ஆனால் நூறேதான் வேண்டும் என்று நிற்பதும் சரியாகப் படவில்லை. உண்மையான சண்டை எண்பத்துமூன்றுக்கும் நூறுக்கும் நடுவில் இருக்கும் பதினேழுக்குத்தான். அதற்காக நீ விடுப்பு எடுக்க வேண்டும், கோப்போடு காத்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய இரவுகளில் தூக்கம் கெட வேண்டும். வழக்குக் கட்டணம் நீங்கலாகத் தொண்ணூறு என்று பதில் எழுது. கட்டணத்தைத் தனியாகக் கேள். அவர்கள் கொடுக்காததால்தான் நீ அதைக் கட்ட நேர்ந்தது. எண்பத்தைந்துக்கு வந்தால் முடித்துக்கொள் என்பது என் எண்ணம்.

"பணம் பெரிதில்லை அப்பா, தப்பு செய்தோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும்" என்றாயே, அப்போதுதான் நான் பேச்சிழந்தேன். அது கிடைக்காது அம்மா. இவர் இவருக்கு இவ்வளவு தர வேண்டும் என்றுதான் தீர்ப்பு சொல்லும். மன்னிப்புக் கடிதம் எழுது என்று இந்த மாதிரி வழக்கில் எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. தீர்ப்பு கையில் வந்ததும் பணம் வந்துவிடாது. கொடுக்காவிட்டால் அதை நிறைவேற்றக் கேட்டு நீயேதான் மறுபடி மனுப் போட வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் இப்படி வரும் தீர்ப்பு ஒரு பதிவேட்டில் ஏறிவிடும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பெயர் நீங்கும், இல்லையென்றால் 6 வருடம் அப்படியே கிடக்கும். கடன் வாங்கப் போகிற இடத்திலெல்லாம் அது குறுக்கே நிற்கும். அங்கே அந்தப் பயமே பல பணங்களை வரவழைத்துவிடுகிறது.

உன்னுடையதைப் போன்ற சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறு வழக்கு நீதிமன்றங்களைப் பற்றி ஒரு வாரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் மனுஷன் பில்லை விடவில்லை என்று அம்மா சிரிக்கிறாள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர நீதிமன்றம் 1913-இலேயே சிறு தொகைகளுக்கென்று ஒரு சமரசப் பிரிவைத் தொடங்கியிருக்கிறது. பெயரைப் பார்: சமரசப் பிரிவு. சிங்கப்பூரின் சிறு வழக்கு நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் உனக்காக வாதாட முடியாது, கலிஃபோர்னியாவிலும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 5,000 யூரோ வரை, நாட்டின் எல்லை தாண்டிய வழக்கைப் பெரும்பாலும் எழுத்திலேயே நடத்தலாம். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையான சாதாரணப் பண வழக்குகளுக்கு, 2024 மே முதல், ஒரு மணி நேர சமரசப் பேச்சு கட்டாயம். இலவசம், போனிலேயே. எதிராளியின் குரலைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. சமரசம் செய்பவர் இருவரிடமும் மாறி மாறிப் பேசுவார். ஆக, வழக்குப் போட்டுவிட்டுச் சமரசத்துக்கு இறங்குவது தோல்வி என்று நீ வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த நீதிமன்றங்கள் அதை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டிருக்கின்றன.

இனி, அவர்கள் அனுப்பப்போகும் ஒப்பந்தக் காகிதம். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஏனென்றால் இந்த மாதிரிக் காகிதங்களை எங்கள் பக்கத்திலிருந்து தயாரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

"வழக்கை வாபஸ் வாங்குங்கள், ஏழு நாளில் பணம் வரும்" என்பார்கள். வரிசையைத் திருப்பச் சொல். பணம் உன் கணக்கில் ஏறிய பிறகு வாபஸ். அதற்குள் நீதிமன்றம் கொடுத்த எந்தத் தேதியையும் தவறவிடாதே. பேச்சு நடக்கிறது என்பதற்காக நீதிமன்றத் தேதி தானாகத் தள்ளிப்போகாது; அந்த நம்பிக்கையில் வீட்டிலேயே இருந்துவிட்டு, கையில் இருந்த வழக்கைத் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இரு தரப்புக்கும் இடையே உள்ள எல்லா உரிமைகளும் கோரிக்கைகளும் இத்துடன் முடிகின்றன" என்று ஒரு வரி இருக்கும். பார்வைக்குச் சாதுவான வரி. அதில் கையெழுத்துப் போட்டால், அந்த இரண்டு படங்களை அவர்கள் நாளை வேறு எதிலாவது பயன்படுத்தும்போது உன்னால் வாய் திறக்க முடியாமல் போகலாம். "இன்ன எண், இன்ன தேதி இன்வாய்ஸ் தொடர்பாக மட்டும்" என்று மாற்றச் சொல். காசு கொடுக்காத படங்களின் உரிமை உன்னிடமே இருக்கிறது என்று தனியாக ஒரு வரி சேர். தவணையில் தருவதாகச் சொன்னால், ஒரு தவணை தவறினாலும் பழைய முழுத் தொகையும் உடனே பாக்கியாகிவிடும் என்று எழுதி வாங்கு. "எங்கள் மீது தவறு இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை" என்றும் ஒரு வரி நிச்சயம் இருக்கும். உனக்குக் கோபம் வரும். அதை விட்டுவிடு. அந்த வரி இல்லாமல் எந்த நிறுவனமும் கையெழுத்திடாது. அதனால் உன் பணத்தில் ஒரு காசும் குறையப்போவதில்லை.

ஒப்பந்தம் முடிவாகும் முன்பே எழுபதைக் கணக்கில் போட்டு, "முழு இறுதித் தீர்வாக" என்று குறிப்பும் எழுதி அனுப்பிவிடுவார்கள் சிலர். நாங்களும் செய்ததுண்டு. நீ பேசாமல் வைத்துக்கொண்டால் ஒப்புக்கொண்டதாக வாதாட இடமாகிவிடும். அப்படி வந்தால் அன்றைக்கே, இதைப் பகுதித் தொகையாக மட்டும் ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று உன் ஊர் நீதிமன்ற உதவி மையத்தில் கேட்டு எழுத்தில் பதில் போடு. சமரசப் பேச்சில் அவர்கள் சொன்ன எழுபதை, பார்த்தீர்களா ஒப்புக்கொண்டார்கள் என்று நீதிபதியிடம் காட்டலாம் என்று நினைக்காதே. அந்தப் பேச்சை வெளியே எடுக்கப் பொதுவாக விட மாட்டார்கள். நீ சொல்லும் தொண்ணூறுக்கும் அதே பாதுகாப்பு உண்டு, அதனால் தயங்காமல் சொல்.

அந்த அச்சகப் பெரியவர் செக்கை வாங்க வந்தபோது என் மேஜைக்கு நேராக வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்துத் தேதி போட்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, என்னையும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதற்கு முன் மூன்று முறை அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லி அனுப்பியிருந்தேன். நேற்று போனில் நீ சொன்ன சாக்குகள் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடமாக இருந்தன. அதுதான் என் மௌனம்.

காகிதம் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு. பழைய கண்ணாலேயே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டு படங்களையும் நீ இன்னும் எங்களுக்குக் காட்டவில்லை என்று அம்மா குறைப்படுகிறாள். வழக்குக் கோப்பில்தான் இருக்கின்றன என்றால் அதிலிருந்தே எடுத்து அனுப்பு. அவர்கள் வேண்டாம் என்ற இரண்டை முதலில்.

அன்புடன்,
அப்பா