மேடையில் திகதி சொல்லாதே

கல்லடி, மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சபை உறுப்பினரான நாளிலிருந்து ரோட்டையும் லைட்டையும் கேட்பவர்களைவிட, "கள்ளனுகள எப்ப உள்ள போடுவீங்க?" என்று ஊழல் அரசியல்வாதிகளைப் பற்றிக் கேட்பவர்கள்தான் கூட என்று எழுதியிருந்தாய். அடுத்த கூட்டத்தில் அதற்கு ஒரு திகதி சொல்லப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். சொல்லாதே மச்சான். நீதிமன்றத்தில் முப்பது வருசம் எழுதுவினைஞராக இருந்தவன் சொல்கிறேன்.

போன கிழமை இங்கே தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். முன்னாள் அமைச்சர் ஒருவருக்குப் பிணை கிடைத்ததாக டீவியில் செய்தி. கரைவலை இழுத்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர், பாதி குடித்த கிளாசை அப்படியே வைத்தார். "இவனுகளும் அவனுகள் மாதிரித்தான்." எங்கள் ஆட்சியையும் பழைய ஆட்சியையும்தான் சொன்னார். எழும்பிப் போய்விட்டார். பிணையை அவர் விடுதலை என்று நினைத்துவிட்டார். அவரில் பிழை இல்லை. கைதான அன்று வெடி கொளுத்தியது நாங்கள்தானே? வழக்கு முடியுமுன் அடைத்து வைக்கும் விளக்கமறியலையே தண்டனை மாதிரிக் காட்டினோம்.

கரம் போர்ட் வழக்கைப் பார். அரச விற்பனை நிறுவனமான சதொச ஊடாக 14,000 கரம் போர்டும் 11,000 தாம் போர்டும் இறக்கிய ஊழல் விவகாரம் 2014இல் நடந்தது. அப்போது விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த மஹிந்தானந்த அளுத்கமகேக்கு 20 வருடச் சிறையும், சதொசத் தலைவராக இருந்த நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடச் சிறையும் கொழும்பு மேல் நீதிமன்றம் தீர்த்தது 2025 மே 29இல். இடையில் எத்தனை ஆட்சி மாறிவிட்டது!

சனத்தின் ஆத்திரத்துக்குப் பயந்து அவசரப்பட்டாலும் ஆபத்து. மூன்று ஆணையாளர்களின் எழுத்துமூல அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்தால், இலஞ்ச ஆணைக்குழு போட்ட எத்தனையோ வழக்குகள் மீளப்பெறப்பட்டன. ஒரு கடதாசி மச்சான், ஒரே ஒரு கடதாசி. நானும் கண்டிருக்கிறேன்: ஊசி துருப்பிடித்த வழக்குக் கோவை, இடமாற்றத்தில் போன சாட்சி, செத்துப்போன சாட்சி, ஒரு கையெழுத்தை உறுதிப்படுத்த ஆறு தவணை. 2023இல் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனாலும் கோவையை மனிசர்தான் கட்ட வேண்டும்.

அதனால் சனத்திடம் வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் சொல்லு. விசாரணையிலா, சட்டமா அதிபரிடமா, மேல் நீதிமன்றத்திலா? அசையவில்லை என்றால் அதையும் மறைக்காதே. ஒரு தரம் கோபப்படுவார்கள், ஆனால் அடுத்த தரமும் உன்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

உன் கையில் உள்ளதையும் செய். சபையின் கேள்விப்பத்திரங்களை (டெண்டர்), யாருக்கு எவ்வளவுக்குக் கொடுத்தது என்று, அறிவித்தல் பலகையில் ஒட்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். கேட்கும் முன்பே கொடுத்துவிடு.

ஞாயிறு காலை அக்கரைப்பற்று பஸ்ஸில் வருகிறேன். வாசிகசாலைக் கூட்டத்தில் எனக்கு அரைமணித்தியாலம் ஒதுக்கி வை. பிணைக்கும் விடுதலைக்கும் உள்ள வித்தியாசத்தை நானே சொல்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்